இரசாயனச் சமன்பாடும் சுண்ணாம்பின் வரலாறும்

இயற்கையில் நாடோறும் நிகழும் மாறுதல்கள் எண்ணிறந்தன. பனிக்கட்டி உருகி நீராகின்றது. நீர் காய்ந்து ஆவியாகின்றது. ஆவி குளிர்ந்து மீண்டும் நீராகின்றது. இவற்றுள் பொருளின் நிலை மாறிற்றேயன்றிப் பொருள் மாறவில்லை. விறகு எரிந்து சாம்பராதலும், இரும்பு துருப்பிடித்தலும், பால் புளித்தலும் இத்தன்மையன அல்ல. இவற்றில் முன்னிருந்த பொருள் தன் குணங்களை இழந்து, வேறு குணங்களையுடைய வேறு பொருளாகி விடுகின்றது. முன்னையவற்றைப் பௌதிக மாறுதல்கள் என்றும், பின்னையவற்றை இரசாயன மாறுதல்கள் என்றும் நூலோர் கூறுவர். இரசாயன மாறுதலொன்றைச் சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் குறிப்பே இரசாயனச் சமன்பாடாம்.

நம் மாணாக்கருட் பலர் இச்சமன்பாடுகளை மந்திரம் போல் நெட்டுருச் செய்கின்றனர். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்தும் விடுகின்றனர். இது வருந்தத்தக்கது. சமன்பாடு மந்திரமன்று, நேர்மையுள்ள வணிகன் எழுதிவைக்கும் வரவு செலவுக் கணக்கை ஒத்தது. இடப்பக்கத்தில் வந்த பொருள் யாவும் வலப்பக்கத்தில் ஏதேனும் ஓர் உருவிற் காணப்படல் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பொருளோடு தெரியாத பொருளையும் கணக்கிற் சேர்த்தமையே இரசாயன நூல் உலகிற்குச் செய்த பேருதவியாகும். இவ்வுண்மையை, நாம் எல்லோரும் அறிந்த சுண்ணாம்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

தராசின் சாட்சி

சுண்ணாம்புக்கல்லையும் கிளிஞ்சலையும் காளவாயிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் மிகப் பழைமையானது. சுடுவதற்கு முன் கிளிஞ்சலை நாவில் வைத்தாலும் தீங்கில்லை. சுட்டபின் கிடைக்கும் சுண்ணாம்போ நாவைப் புண்ணாக்கும் காரமுடையது. நீர் பட்டவுடன் கொதித்தெழுவது. இக்காரம் எங்கிருந்து வந்தது? காளவாயின் நெருப்பிலிருந்து ஏதோ ஓர் அக்கினிப் பொருள் கல்லினுள் நுழைந்து தங்கிவிட்டது என்றே ஐரோப்பிய அறிஞரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். காண்பார்க்கு அது பொருத்தமாகவே தோன்றிற்று.

ஸ்காத்லாந்து தேசத்து ஜோசப் பிளாக்கு என்பவர் இளமையில் மருத்துவம் பயின்றபோது, நீர்ப்பையிலுண்டாகும் கல்லைக் கரைக்கவல்ல மருந்தொன்றைத் தேடி, சுண்ணாம்பையும் அதனையொத்த பொருள்களையும் ஆராயத் தொடங்கினார். அவ்வாராய்ச்சியின் விரிவை 1756-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் கையாண்ட முறை எளியது. ஒவ்வொரு படியிலும் பொருளை நிறுத்துப் பார்த்ததே அது. 120 கிரெயின் நிறையுள்ள சீமைச்சுண்ணாம்பைக் கடுந்தீயிற் சுட்டபோது 68 கிரெயினே மிஞ்சிற்று. நெருப்பிலிருந்து ஒரு பொருள் உட்புகுந்திருப்பின் நிறை கூடியிருத்தல் வேண்டும், அது குறைந்தது. ஆகவே, கல்லினுள் யாதொன்றும் நுழையவில்லை; அதிலிருந்து ஏதோ வெளிச்சென்றது எனத் தெளிந்தார். வெளிச்சென்றது கண்ணுக்குப் புலனாகாத ஒரு வாயு. இக்காலத்தில் நாம் கரியமிலவாயு என்பது அதுவே.

பிரான்சு தேசத்து லவாய்சியர் இம்முறையை மேலும் வளர்த்தனர். பாதரசத்தை அடைபட்ட காற்றில் பன்னிரண்டு நாள் சூடுபடுத்தியபோது அதன்மேற் செந்நிறத் துகள் படிந்தது. அடைபட்டிருந்த காற்றின் அளவும் குறைந்தது. அத்துகளில் 45 கிரெயினைத் தனியே எடுத்து மிகச் சூடாக்க, 41½ கிரெயின் பாதரசமும், காற்றிற் குறைந்த அளவினதாகிய ஒரு வாயுவும் கிடைத்தன. அவ்வாயுவே பிராணவாயு எனப்படும் ஆக்ஸிஜன். காற்று இழந்ததைப் பாதரசம் பெற்றது. பாதரசம் பெற்றதைக் காற்றே திரும்ப அடைந்தது. 1789-இல் அவர் வெளியிட்ட நூலில், எந்த மாறுதலிலும் புதிதாக ஒன்றும் தோன்றுவதுமில்லை, உள்ளது ஒன்றும் அழிவதுமில்லை என்னும் கருத்தை நிலைநாட்டினார். திராட்சைச் சாறு புளித்து மதுவாவதை ஒரு பக்கத்திற் சாறும், மறுபக்கத்திற் கரியமிலவாயுவும் சாராயமுமாக, நடுவே சமக்குறியிட்டு அவர் எழுதிக் காட்டினார். இன்று நாம் எழுதும் சமன்பாட்டின் கருத்து அங்கே தெளிவாகக் காணப்படுகின்றது.

அணுவும் குறியீடும்

தங்கம், இரும்பு, கந்தகம், ஆக்ஸிஜன் போன்று, இரசாயன முறைகளால் வேறு எளிய பொருள்களாகப் பிரிக்க இயலாதவற்றை மூலகங்கள் என்பர். மூலகத்தின் மிகச் சிறிய கூறு அணு. அணுக்கள் இரண்டோ பலவோ இணைந்து நிற்பது மூலக்கூறு. இரசாயன மாறுதலில் அணுக்கள் அழிவதில்லை. ஒன்று மற்றொன்றாக மாறுவதுமில்லை. அவற்றின் இணைப்புகளே மாறுகின்றன. ஒரு வீட்டைப் பிரித்து அதே செங்கற்களைக் கொண்டு வேறு வீடு கட்டினாற் போல்வது இது. செங்கற்களின் தொகை மாறாமையால் மொத்த நிறையும் மாறுவதில்லை.

அணுக்களின் நிறை ஒன்றுக்கொன்று இன்ன விகிதமென்று கணித்துள்ளனர். நம் கட்டுரைக்கு வேண்டியவற்றை மட்டும் தோராயமாகக் கூறுவாம்: ஹைட்ரஜன் 1, கார்பன் என்னும் கரி 12, ஆக்ஸிஜன் 16, சோடியம் 23, குளோரின் 35.5; கால்சியம் 40; இரும்பு 56; செம்பு 63.5. இவ்வெண்களை அறிந்தவன் எந்தச் சமன்பாட்டையும் தானே நிறுத்துப் பார்க்கலாம்.

ஒவ்வொரு மூலகத்திற்கும் அதன் இலத்தீன் பெயரின் முதலெழுத்தையோ, முதலெழுத்தோடு மற்றோர் எழுத்தையோ குறியீடாக வைக்கும் வழக்கத்தை ஸ்வீடன் தேசத்துப் பெர்ஸீலியஸ் 1813, 1814-ஆம் ஆண்டுகளில் ஏற்படுத்தினார். அக்குறியீடு பெயரை மட்டும் சுட்டுவதன்று. ஓர் அணுவையும் அதன் நிறையையும் சேர்த்துச் சுட்டுவது. தமிழில் இந்நூலை எழுதப் புகுந்தோர்க்குக் குறியீடும் கலைச்சொல்லும் பெரும் வினாவாகவே இருந்தன. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் கிறீன் முயற்சியால் 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்னும் நூல் தமிழில் வெளிவந்தது. 1916-இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் விஞ்ஞானக் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் நிறுவினர். இன்றைய தமிழ்ப் பாடநூல்கள் உலகப் பொதுக் குறியீடுகளையே மேற்கொள்கின்றன. இக்கட்டுரையிலோ பொருள்களின் பெயர்களையே முழுமையாக எழுதுவாம். பொருளை உணர்ந்தபின் குறியீட்டைக் கற்றல் எளிதாகும்.

சமன்பாடு எழுதும் முறை

சமன்பாடு எழுதுவதில் மூன்று படிகளுண்டு. எந்தப் பொருள்கள் சேர்ந்தன, எந்தப் பொருள்கள் உண்டாயின என்பதைச் சோதனையால் அறிதல் முதற்படி. அப்பொருள்களின் மூலக்கூற்றில் எவ்வெவ்வணுக்கள் எத்தனை உள்ளன என்று சரியாக எழுதுதல் இரண்டாம் படி. இருபக்கத்தும் ஒவ்வொரு மூலகத்தின் அணுக்களும் ஒத்த தொகையின ஆகும்படி, மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அமைத்தல் மூன்றாம் படி.

ஹைட்ரஜன் ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து நீராவதை நோக்குக. ஹைட்ரஜனின் மூலக்கூற்றில் இரண்டு அணுக்கள். ஆக்ஸிஜனின் மூலக்கூற்றிலும் இரண்டு அணுக்கள். நீரின் மூலக்கூற்றில் ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் உள. மூலக்கூறு ஒவ்வொன்றாக எழுதினால், இடப்பக்கத்தில் ஆக்ஸிஜன் அணு இரண்டும் வலப்பக்கத்தில் ஒன்றுமாகக் கணக்குப் பிழைபடும். அவசரப்பட்ட மாணவன், “நீரின் மூலக்கூற்றில் மற்றோர் ஆக்ஸிஜன் அணுவைச் சேர்த்து விடுவோம், கணக்குச் சரியாகி விடும்” என்பான். எண்ணிக்கை சரியாகும், உண்மையோ கெடும். இரண்டு ஆக்ஸிஜன் அணுக்களை உடையது நீரன்று. அது ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்னும் வேறு பொருள். புண்ணைக் கழுவவும் துணியை வெளுக்கவும் அதனை நீர் கலந்து பயன்படுத்துவர், தாகத்திற்கு அருந்துவாரில்லை. கணக்குச் சரிவர வேண்டுமென்று பொருளை மாற்றுதல், சிட்டை பொருந்த வேண்டுமென்று சரக்கின் பெயரை மாற்றி எழுதும் கணக்கனின் செயலை ஒக்கும். மாற்றத்தக்கவை மூலக்கூறுகளின் எண்ணிக்கைகளே:

2 ஹைட்ரஜன் + 1 ஆக்ஸிஜன் → 2 நீர்

இப்போது இருபக்கத்தும் ஹைட்ரஜன் அணு நான்கு. ஆக்ஸிஜன் அணு இரண்டு. நிறையும் ஒத்துள்ளது: 4 பங்கும் 32 பங்கும் சேர்ந்து 36 பங்கு நீர்.

இரசாயன மாறுதல்கள் இலக்கக் கணக்காய்ப் பெருகியிருப்பினும், அவற்றைச் சில வகைகளுள் அடக்கலாம். சுண்ணாம்பின் வாழ்க்கையிலேயே அவற்றுட் பெரும்பாலானவற்றைக் காணலாம்.

பிரிதல்

ஒரு பொருள் இரண்டோ பலவோ ஆகப் பிரிவது முதல் வகை. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம், கரி, ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் சேர்ந்த கால்சியம் கார்பனேட்டு. கிளிஞ்சலும் முட்டையோடும் பெரும்பாலும் இப்பொருளே. சுமார் 900 சென்டிகிரேட் வெப்பத்தில் அது பிரிகின்றது:

சுண்ணாம்புக்கல் → சுட்ட சுண்ணாம்பு + கரியமிலவாயு
100 → 56 + 44

இவ்வெண்களைக் கொண்டு பிளாக்கின் சோதனையை ஆராய்வாம். 100-க்கு 56 எனின் 120-க்கு 67.2 ஆகும். அவர் தராசு காட்டியது 68. அணுநிறை என்னும் கருத்தே தோன்றாத காலத்தில், ஒருவர் கைத்தராசால் உண்மைக்கு இத்துணை அருகிற் சென்றமை வியக்கத்தக்கது.

ஈண்டு மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வெளிப்படும் வாயு வெளியேற வழியின்றி மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், பிரிந்த வாயு சுண்ணாம்போடு மீண்டும் கூடிக் கல்லாகும்; பிரிவும் கூட்டமும் சமமாகி, வேலை நின்றுவிடும். இங்ஙனம் இருபுறமும் செல்லவல்ல மாறுதலை மீள்மாறுதல் என்பர்; அதற்கு எதிர்எதிரான இரண்டு அம்புக்குறிகள் இடுவர். காளவாயிற் காற்றோட்டத்திற்கு வழிவைப்பது நெருப்பு நன்கு எரிதற்கு மட்டுமன்று. பிறந்த வாயுவை வெளியே கொண்டு செல்வதற்குமாம்.

சேர்தல்

இரண்டு பொருள்கள் கூடி ஒன்றாதல் இரண்டாம் வகை. சுட்ட சுண்ணாம்பில் நீர் தெளித்தால் அது வெடித்து, பருத்து, மிகுந்த சூட்டை வெளிவிட்டு, வெண்பொடியாக உதிரும்:

சுட்ட சுண்ணாம்பு + நீர் → நீற்றிய சுண்ணாம்பு
56 + 18 → 74

18 பங்கு நீர் சேர்ந்தும் கிடைத்த பொடி உலர்ந்தே இருக்கின்றது. நீர் எங்கே போயிற்று? ஆவியாகச் சிறிது சென்றிருப்பினும், மற்றது சுண்ணாம்பின் உறுப்பாகி விட்டது. அதனைத் தராசே காட்டும், கண் காட்டாது. நீற்றும்போது எழும் சூடு உடலைச் சுடவல்லது. காரமோ கண்ணைக் கெடுக்கவல்லது. வெள்ளையடிக்கும் வேளையில் சுண்ணாம்புத் தொட்டியண்டை குழந்தைகளை விடாதிருத்தல் வேண்டும். கண்ணிற் பட்டுவிட்டால் உடனே தூய நீரை நெடுநேரம் வார்த்துக் கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லல் வேண்டும்.

சுவரிற் பூசிய சுண்ணாம்பு நாட்செல்லச் செல்ல இறுகுவதேன்? வெறுமனே உலர்வதால் மட்டுமன்று. காற்றிலுள்ள கரியமிலவாயுவை அது மெல்ல மெல்ல ஈர்த்துக் கொள்கின்றது:

நீற்றிய சுண்ணாம்பு + கரியமிலவாயு → சுண்ணாம்புக்கல் + நீர்
74 + 44 → 100 + 18

காளவாயில் இழந்த 44 பங்கையும் சுண்ணாம்பு திரும்பப் பெற்றுப் பழைய கல்லாகவே ஆயிற்று. கல் சுடப்பட்டுச் சுண்ணாம்பாகி, நீரிற் குழைந்து, சுவரில் மீண்டும் கல்லாகும் இச்சுற்று, நம் பழைய கட்டடங்களின் பூச்சிலெல்லாம் அமைதியாக நடந்திருக்கின்றது.

இதனை வகுப்பிலேயே காட்டலாம். வெற்றிலைக்கிடும் சுண்ணாம்பைச் சிறிதெடுத்து நீரிற் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் இறுத்துக்கொள்க. அதனுள் ஒரு குழாயால் மூச்சை மெதுவாக ஊதினால் நீர் பால் போல் வெளுக்கும். வெளுப்பு, நம் மூச்சிலுள்ள கரியமிலவாயுவால் உண்டான சுண்ணாம்புக்கல்லின் நுண்துகளே. ஊதுவதன்றி உறிஞ்சலாகாது. பின்னும் அவ்வாயுவை நெடுநேரம் செலுத்தினால் வெளுப்பு மறைந்து நீர் தெளியும். கல்லும் நீரும் வாயுவும் கூடி, நீரிற் கரையும் கால்சியம் பைகார்பனேட்டு ஆகிவிடுவதே காரணம். சில கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்குப் படிவது இதன் மறுதலை: காய்ச்சும்போது வாயு நீங்கக் கல் மீண்டும் படிகின்றது.

நடுநிலையாதல்

அமிலமும் காரமும் கூடி, இரண்டின் கடுமையும் நீங்கி, உப்பும் நீரும் உண்டாதலை நடுநிலையாக்கல் என்பர். புளிப்பேறிய நிலத்திற்குச் சுண்ணாம்பிடும் உழவர் செய்வதும் இதனை ஒத்ததே. பிளாக்கு கண்ட உண்மையின் மறுபாதியை இங்கே காண்க. அவர் 120 கிரெயின் சீமைச்சுண்ணாம்பைக் கரைக்க, நீர் கலந்த உப்பமிலம் 421 கிரெயின் வேண்டியிருந்தது. அப்போது நுரை பொங்கிற்று. அதே 120 கிரெயினைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கரைத்தபோது 414 கிரெயின் அமிலம் செலவாயிற்று, நுரை பொங்கவில்லை. அமிலச் செலவு ஏறக்குறைய ஒன்றே. இதனைச் சமன்பாட்டில் வைத்து நோக்குக:

சுண்ணாம்புக்கல் + 2 உப்பமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + கரியமிலவாயு
100 + 73 → 111 + 18 + 44

சுட்ட சுண்ணாம்பு + 2 உப்பமிலம் → கால்சியம் குளோரைடு + நீர்
56 + 73 → 111 + 18

கல் 100 பங்காயினும், அதனைச் சுட்டுக் கிடைத்த 56 பங்காயினும், வேண்டிய அமிலம் 73 பங்கே. நுரையாகப் பொங்குவது, காளவாயில் தீயால் வெளியேறும் அதே வாயு. சுட்ட சுண்ணாம்பில் அது முன்னரே நீங்கிவிட்டமையால் பொங்குதற்கு ஒன்றுமில்லை. ஆகவே சுண்ணாம்பின் காரம் நெருப்பிலிருந்து வந்ததன்று. வாயு நீங்கியதால் வெளிப்பட்டது என்பது ஐயமின்றித் துணியப்பட்டது.

இரட்டைச் சிதைவு

இரண்டு பொருள்கள் தத்தம் பங்குகளைத் தம்முள் மாற்றிக்கொள்வது இரட்டைச் சிதைவு. சலவைச் சோடாவின் கரைசலோடு நீற்றிய சுண்ணாம்பைக் கலந்து காய்ச்சினால், சுண்ணாம்புக்கல் வெண்பொடியாக அடியிற் படியும். எரிசோடா என்னும் கடுங்காரம் நீரிற் கரைந்து நிற்கும்:

சலவைச் சோடா + நீற்றிய சுண்ணாம்பு → சுண்ணாம்புக்கல் + 2 எரிசோடா
106 + 74 → 100 + 80

எண்ணெயோடு எரிசோடாவைச் சேர்த்தே சவுக்காரம் காய்ச்சுவர். மின்சாரத்தால் உப்பு நீரிலிருந்து எரிசோடா எடுக்கும் முறை பரவுமுன், சவுக்காரத் தொழிலுக்கு வேண்டிய காரத்தைச் சுண்ணாம்பின் துணைகொண்டு இம்முறையாற் பெற்றனர்.

இடப்பெயர்ச்சி

ஒரு மூலகம் மற்றொரு மூலகத்தை அதன் சேர்க்கையினின்று வெளியேற்றித் தான் அவ்விடத்தை அடைதல் இடப்பெயர்ச்சி. மயில்துத்தக் கரைசலில் ஒரு தூய இரும்பாணியை இட்டுவைத்தால், சிறிது நேரத்தில் ஆணியின்மேற் செம்பு படியும். நீல நிறமும் வரவர வெளிறும்:

இரும்பு + மயில்துத்தம் → அன்னபேதி + செம்பு
56 + 159.5 → 152 + 63.5

இங்கு மாணாக்கர் நன்கு உணரவேண்டியதொன்றுண்டு. இதே சமன்பாட்டை வலமிடமாக மாற்றி எழுதினாலும் அணுக்களின் எண்ணிக்கை ஒத்தே இருக்கும். ஆயினும் அன்னபேதிக் கரைசலில் செம்புக் கம்பியை எத்தனை நாள் இட்டுவைத்தாலும் இரும்பு படியாது. செம்பைக் காட்டிலும் இரும்பு வினைவலிமை மிக்கது. வலியது எளியதை வெளியேற்றுமேயன்றி எளியது வலியதை வெளியேற்றாது. ஆகவே, எழுதியது சமனாயிருத்தல் மட்டும் உண்மைக்குப் போதிய சான்றாகாது. முதற்படியாகிய சோதனையை விடுத்துக் காகிதத்தில் மட்டும் கணக்கிடுவோன், நடவாத வியாபாரத்திற்குக் கணக்கெழுதுவோனாவான்.

எரிதலும் குறைத்தலும்

ஒரு பொருள் ஆக்ஸிஜனோடு கூடுதலை ஆக்ஸிகரணம் என்றும், ஆக்ஸிஜனை இழத்தலைக் குறைத்தல் என்றும் கூறுவர். இக்கால நூலோர் இவற்றை இன்னும் விரித்து, எலெக்ட்ரான்களை இழத்தல், பெறுதல் என இலக்கணம் வகுப்பர். ஒரே மாறுதல் இரண்டு வகைகளுள் அடங்குவதும் உண்டு. கரி எரிதல் சேர்தலுமாம், ஆக்ஸிகரணமுமாம்.

காற்று நிரம்பக் கிடைக்குமிடத்துக் கரி எரிவது இவ்வாறு:

கரி + ஆக்ஸிஜன் → கரியமிலவாயு
12 + 32 → 44

காற்றுப் போதாதவிடத்து எரிவது வேறு:

2 கரி + ஆக்ஸிஜன் → 2 கார்பன் மோனாக்ஸைடு
24 + 32 → 56

இவ்விரு வரிகளுக்குமுள்ள வேற்றுமை உயிருக்கும் சாவுக்குமுள்ள வேற்றுமையாகும். முன்னதில் 12 பங்கு கரிக்கு 32 பங்கு ஆக்ஸிஜன் கிடைக்கின்றது. பின்னதில் 16 பங்கே கிடைக்கின்றது. அக்குறையால் விளையும் கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற கொடிய நஞ்சு. மூச்சோடு உட்சென்றால் இரத்தத்தின் செம்பொருளை இறுகப் பற்றிக்கொண்டு, ஆக்ஸிஜன் செல்லவொட்டாமல் தடுத்துவிடும். குளிர்காலத்தில் கதவும் பலகணியும் அடைத்த அறையில் கரியடுப்பை வைத்து உறங்கினோர் விழித்தெழாமல் மாண்ட செய்திகள் பல. அவர்களுக்கு எச்சரிக்கை செய்ய மணமில்லை, புகையில்லை. இச்சமன்பாட்டை உணர்ந்தவன் தன் வீட்டில் மட்டுமன்றி அயல்வீட்டிலும் பலகணியைத் திறந்து வைக்கச் சொல்வான். கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்குமாயின் அதனினும் சிறந்த தேர்ச்சி யாது?

அறையிற் கொல்லும் அந்நஞ்சே ஊதுலையில் மனிதனுக்குத் தொண்டு செய்கின்றது. இரும்புத்தாதுவிலுள்ள ஆக்ஸிஜனைக் கவர்ந்து இரும்பை விடுவிப்பது அதுவே:

இரும்பு ஆக்ஸைடு + 3 கார்பன் மோனாக்ஸைடு → 2 இரும்பு + 3 கரியமிலவாயு
160 + 84 → 112 + 132

அவ்வுலையிலும் சுண்ணாம்புக்கல்லுக்கு இடமுண்டு. அது சூட்டாற் பிரிந்து சுண்ணாம்பாகி, தாதுவோடு கலந்த மணற்பொருளைப் பற்றி, உருகிய கசடாக இரும்பின்மேல் மிதந்து பிரிகின்றது.

சமன்பாடு சொல்லாதனவும் சொல்வனவும்

சமன்பாடு எல்லாவற்றையும் கூறிவிடுவதன்று. மாறுதல் விரைவில் நிகழுமா, ஆண்டுக்கணக்கில் நிகழுமா என்பதை அது கூறாது. சுவர் இறுகுவதற்கும் வெடிமருந்து வெடிப்பதற்கும் காகிதத்தில் ஒரே அம்புக்குறிதான். சூடு, ஒளி, அழுத்தம் முதலியவற்றை வேண்டுமாயின் அம்புக்குறியின்மேல் தனியே குறித்தல் வேண்டும். கையாளுவோனுக்கு நேரும் தீங்கையும் அது தானாக எச்சரிக்காது. இவற்றையெல்லாம் சோதனைச்சாலையிலும் ஆசிரியரிடத்தும் கற்றல் வேண்டும்.

ஆயினும் அது கூறும் ஒன்றைப் பிறிதொன்று கூறாது. கண்ணுக்குப் புலப்படாதது இல்லாததாகாது என்பதே அது. காளவாயிலிருந்து 56 மணங்கு சுண்ணாம்பை வண்டியிலேற்றுவோர், 44 மணங்கு வாயு வானத்திற் சென்றதைக் காண்பதில்லை. இக்காலத்திற் பெருகியுள்ள சிமெண்டுத் தொழிலும் சுண்ணாம்புக்கல்லைச் சுடுவதையே அடிப்படையாக உடையது. எரிபொருளின் வாயுவோடு கல்லின் வாயுவும் காற்றிற் கலக்கின்றது. பெருந்தொழில்கள் தோன்றுமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமிலவாயு ஏறக்குறைய 280 பங்காக இருந்தது. 2024-ஆம் ஆண்டில் 420 பங்குக்கு மேற்பட்டுவிட்டது. இதற்குப் பெருங்காரணம் நிலக்கரியும் எண்ணெயும் எரிதலே. சுண்ணாம்புக்கல்லும் தன் பங்கைச் சேர்த்துள்ளது. பூமியின் வெப்பம் உயர்ந்து வருவது இவ்வாயு மிகுதியால் என்பதை அறிஞர் தெளிவாகக் காட்டியுள்ளனர். வானத்தில் விட்டது மறைந்து போயிற்று என்று எண்ணியிருந்த மானிடர், அதுவும் கணக்கிலுள்ளதே என்பதைக் காலந்தாழ்த்தி உணர்கின்றனர். பூச்சுச் சுண்ணாம்பாவது தான் விட்ட வாயுவைச் சுவரிலிருந்தபடியே காலப்போக்கில் திரும்பப் பெறுகின்றது. எரித்த கரிக்கு அவ்வாறு திரும்பப் பெறும் வழியைக் காடுகளையும் கடலையும் நம்பியே விட்டிருக்கின்றோம்.

ஆதலின், மாணாக்கர் ஒரு சமன்பாட்டைக் காணுந்தோறும் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக: இது மெய்யாகவே நிகழ்கின்றதா? இருபக்கமும் நிறை ஒத்துள்ளதா? கண்ணுக்குத் தெரியாமற் சென்ற பங்கு எது? இம்மூன்றுக்கும் விடை கூறவல்லவன் அச்சமன்பாட்டை மறக்க மாட்டான். மறப்பினும், தானே மீண்டும் எழுதிக்கொள்வான். கள்ளத் தராசைக் கடியாத அறநூல் இல்லை. இயற்கை என்னும் பெருவணிகன் கையிலுள்ள தராசோ ஒருபோதும் சாய்ந்ததில்லை. அத்தராசை நம்பி, அதன் முன் நம் கணக்கையும் நேர்மையாக எழுதப் பழகுவதே இரசாயனம் கற்பதன் முதற்பயனாம்.